புலியின் இடது கண்

அத்தியாயம் ஐந்து

ராஜா படுத்த கட்டில் மகா அகலம். ஒரு ஓரத்தில் ராஜா தும்மினால், மறு ஓரத்தில் படுத்திருக்கும் ராணிக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் ஜலதோஷமே குணமாகிவிடுமாம். அரண்மனைக் கைடு முப்பது வருஷமாக இதை முகத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் சொல்லிவருகிறார். கேட்கிற கூட்டமும் முப்பது வருஷமாகக் கட்டிலைக் கண்ணால் அளந்து பார்த்து, "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறது.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டத்தோடு அந்தக் கட்டிலைக் கடந்த துப்பறிவாளர் தலையாட்டவில்லை. தொழில் வட்டாரத்தில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். கூப்பிட வசதியாக உம்மணா. முன்பெல்லாம் அது முகத்தோடு நின்றது. இப்போது உள்ளேயும் அப்படித்தான். அண்ணன் போய்ச் சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி ஆள் மொத்தமும் மரத்துக் கிடந்தார். காலையில் குடித்த காபி சூடாக இருந்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

உதவியாளர் அதே அண்ணனின் மகள். செத்தவர் அவளுடைய அப்பா. அவளும் ஒரு சொட்டு அழவில்லை. அதற்கு ஈடாகப் பத்தொன்பது நாளாக வாயை மூடவில்லை. ஏற்கெனவே அவள் பெயர் வாயாடி என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"சித்தப்பா, இந்தக் கட்டில்ல புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தா சமாதானம் பேச நடுவுல ஒரு தங்குற விடுதி வேணும்."

"உம்."

"குதிரைக்குத் தண்ணி காட்ட ஒரு இடமும் வேணும்."

"உம்."

இவர்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை. அருங்காட்சியகமாகிவிட்ட அந்த அரண்மனையில், வேட்டை அறையில், பாடம் செய்து நிறுத்தியிருக்கும் புலியின் இடது கண்ணைக் காணோம். புலிக்கு முன்னால் இருக்கும் பலகையில் எழுதியிருப்பதை நம்பினால் அது கோலிக்குண்டு அளவுப் புஷ்பராகக் கல். நேற்றுக் காலை அறையைத் திறந்து பெருக்கப் போன துப்புரவு அம்மாதான் ஓட்டையை முதலில் பார்த்தார். ஓடிப்போய்ச் சொன்னவரும் அவர்தான். சொன்னவரே எடுத்தவர் என்று காப்பாட்சியர் கணக்கை முடித்துவிட்டார். இன்று ஐந்து மணிக்குப் புகார் போலீசுக்குப் போகிறது. அந்த அம்மா வாயாடிக்குப் பக்கத்து வீடு. அதனால்தான் இந்த விஜயம்.

*

காப்பாட்சியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் துப்புரவு அம்மா உட்கார்ந்திருந்தார். காலடியில் வாளி, வாளியில் பிழிந்து போட்ட துணி. அழுத தடம் இல்லை. யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி இருந்தார்.

"சாப்பிட்டீங்களா அக்கா?" என்றாள் வாயாடி.

"சாப்பிட்டேன்னுதான் நெனக்கிறேன்."

"இது எங்க சித்தப்பா. சத்தம் வராது. ஆனா வேலை செய்யும்."

உம்மணா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒரே ரகத்துச் சரக்கு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டது மாதிரி இருந்தது.

"அந்தக் கண்ணைக் கடைசியா எப்பத் துடைச்சீங்க?"

"ஞாயித்துக்கெழமை காலைல. தினமும் துடைப்பேன் சார், பதினோரு வருஷமா. அதுக்கு மட்டும் தனித் துணி. என் கல்யாணப் பட்டுச் சேலையில கிழிச்சது. நூல் துணி பட்டா கல்லுல கீறல் விழுந்துரும்னு பயம்."

"ஞாயிறு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?"

"பன்னெண்டு. அன்னைக்கு அரை நாள்தான். கேட்டுல கையெழுத்து இருக்கு. திங்கக்கெழமை எல்லாருக்கும் லீவு. செவ்வாக்கெழமை வந்து சாவி வாங்கித் திறந்தேன். பாத்தா ஓட்டை."

"ஞாயிறு சாயங்காலம் பூட்டினது?"

"வாட்ச்மேன் அண்ணன். அவர் கதவைப் பாத்துப் பூட்டுவார். புலியைப் பாக்க மாட்டார். அவருக்குப் புலின்னா பயம்."

"செத்த புலிதானே அக்கா?"

"அதான் பயம்ங்கறார்."

சொல்லிவிட்டு அந்த அம்மா வாளியின் கைப்பிடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்த்து வைத்தார். பிறகு பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னார்: "என் பொண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கெடைச்சிருக்கு சார். வர்ற வாரம் சேரணும். அதுக்கு முன்னாடி போலீஸ்ல குடும்பத்தைப் பத்தி விசாரிப்பாங்களாம். இன்னைக்குப் புகார் குடுத்தா, விசாரிக்கறப்ப என் பேரு அங்கயே இருக்கும்ல?"

உம்மணா 'உம்' சொல்லவில்லை. எழுந்து அறைக்குள் போனார்.

*

காப்பாட்சியர் துப்பறியும் நாவல்களின் பரம ரசிகர். அலமாரியில் அரண்மனை வரலாறு ஒரு வரிசை, அதற்குப் பின்னால் கொலை நாவல்கள் இரண்டு வரிசை. உம்மணாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. கைரேகைக்குப் பொடி கொண்டாந்திருக்கீங்களா?"

"மூஞ்சிக்குப் போடற பவுடர்தான் இருக்கு சார்," என்றாள் வாயாடி. "புலிக்கு வேணும்னா கொஞ்சம் அடிச்சு விடலாம். ஒத்தக் கண்ணோட பாவமா இருக்கும்."

"ஜோக் அடிக்கற நேரமா இது? நாளைக்கு ரத்தின நிபுணர் வர்றாரு. இங்க இருக்கற ஒவ்வொரு கல்லையும் லென்ஸ் வெச்சுப் பாத்துச் சான்றிதழ் குடுக்கப் போறாரு. போன வெள்ளிக்கெழமை மீட்டிங் போட்டு எல்லார்கிட்டயும் சொன்னேன். புலிக் கண்தான் நம்ம முதல் ஐட்டம்னு சொன்னேன். இப்ப அவர்கிட்ட நான் ஓட்டையையா காட்டுவேன்?"

"மீட்டிங்ல யார் யார்?" என்றார் உம்மணா.

"எல்லாரும்தான். வாட்ச்மேன், டிக்கெட் குடுக்கறவர், கைடு, இந்த அம்மா. சாவி இந்த அம்மாகிட்ட, அறையில தனியா இருந்தது இந்த அம்மா. அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. நாவல்ல எல்லாம் கடைசி அத்தியாயத்துலதான் பிடிப்பாங்க. இங்க முதல் பக்கத்துலயே பிடிச்சாச்சு. அதான் எனக்கே கொஞ்சம் சப்புனு இருக்கு."

*

வேட்டை அறை நீளமானது. சுவரெல்லாம் கொம்புகள். நடுவில் ஒரு மேடை, மேடையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு, கயிற்றுக்குள் புலி. ஒரு கண் மஞ்சளாக மின்னியது. இன்னொரு கண் இருந்த இடத்தில் விரல் நுழைகிற பள்ளம்.

புலிக்குப் பக்கத்தில், மூடியில்லாத மரத்தாங்கியில், ராஜாவின் வேட்டைக் கத்தி கிடந்தது. கைப்பிடி முழுக்கச் சிவப்புக் கற்கள். கயிற்றைத் தாண்டினால் கண்ணைவிட அதுதான் கைக்குப் பக்கம்.

"திருட வந்தவன் இதை ஏன் விட்டான்?" என்றாள் வாயாடி. "சைவமோ?"

உம்மணா பதில் சொல்லாமல் கயிற்றைத் தாண்டிப் புலியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். பல் மருத்துவர் மாதிரி நெடுநேரம் பார்த்தார். பிறகு பலகையைக் காட்டினார்.

"சத்தமாப் படி."

வாயாடி படித்தாள். "இப்புலியை மாமன்னர் நானூறு கெஜத் தொலைவிலிருந்து ஒரே குண்டில் இடது கண்ணில் சுட்டு வீழ்த்தினார். சிதைந்த கண்ணுக்கு ஈடாகத் தம் கிரீடத்திலிருந்து புஷ்பராகக் கல்லை எடுத்துப் பதிக்க ஆணையிட்டார். அப்படின்னா கிரீடத்துல ஒரு ஓட்டை இருந்திருக்கும். அதுக்கு எதைப் பதிச்சாராம், புலிக் கண்ணையா?"

"இங்க வந்து பாரு."

அவள் பார்த்தாள். பள்ளத்தைச் சுற்றி மேல் இமை, கீழ் இமை, ஓரத்தில் குட்டி மயிர்கள், எல்லாம் சித்திரம் எழுதினது போல இருந்தன. ஒரு தையல் இல்லை, ஒரு கிழிசல் இல்லை.

"குண்டு பாய்ஞ்ச கண்ணு," என்றார் உம்மணா.

வாயாடிக்கு ஒரு விநாடி ஆயிற்று. "குண்டு இமையைத் தொடாம, கதவைத் தட்டிட்டு உள்ள போயிருக்கு."

அந்த நேரத்தில் மூன்று மணிக் கூட்டத்தோடு கைடு நுழைந்தார். அறுபதைத் தாண்டிய வயது, சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் சுட்டிக்காட்ட ஒரு மெல்லிய பிரம்பு. புலிக்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினார். கூட்டமும் தானாக மூச்சைத் தாழ்த்திக்கொண்டது.

"மூணு நாளைக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க. இப்ப இல்ல. ராஜா கிரீடத்துல இருந்து எடுத்த கல்லு. ஒரு ராத்திரியில ஏழு நாட்டு இளவரசர்கள் இந்தக் கண்ணை விலைக்குக் கேட்டாங்க. ராஜா என்ன சொன்னார்? 'புலியைக் கேளுங்க, அது குடுத்தா எடுத்துக்குங்க'ன்னார். புலி குடுக்கல. இப்ப எந்தச் சீமைத் திருடனோ கொண்டு போயிட்டான். இனிமே அதை ஒருத்தரும் பாக்க முடியாது, தொட முடியாது, எடை போட முடியாது."

ஒரு பெண் மார்பில் கை வைத்துக்கொண்டாள். கைடு ஒரு பெருமூச்சு விட்டுக் கூட்டத்தை அடுத்த அறைக்கு ஓட்டிப் போனார்.

"களவு போன ரெண்டாம் நாளே கதையைத் தைச்சு, பட்டன் வெச்சு, இஸ்திரி போட்டுட்டாரே," என்றாள் வாயாடி.

"உம்," என்றார் உம்மணா. பத்தொன்பது நாளில் சொன்ன உம்களில் இது கொஞ்சம் நீளமானது.

*

பலகையை யார் எழுதினார் என்று கேட்டால், முன்பிருந்த காப்பாட்சியர் என்றார் இப்போதைய காப்பாட்சியர். எதைப் பார்த்து எழுதினார்? தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கும் பொருள் பட்டியலில் புஷ்பராகம் என்று எதைப் பார்த்து ஏற்றினீர்கள்? பலகையைப் பார்த்து. நீங்கள் எழுதிய அரண்மனை வரலாற்றுப் புத்தகத்தில்?

"பட்டியலைப் பாத்துத்தான்," என்றார் காப்பாட்சியர். "ஆதாரம் இல்லாம நான் எழுத மாட்டேன்."

"பழைய பதிவேடு இருக்கா? ராஜா காலத்துக்கு அப்புறம் முதல்ல எழுதினது?"

இருந்தது. கொலை நாவல்களுக்கும் பின்னால், சுவரை ஒட்டி. இறக்கித் தட்டினபோது மூன்று பேரும் தும்மினார்கள். உம்மணா பக்கங்களைப் புரட்டினார். பொடிப்பொடி எழுத்தில் யாரோ ஒரு பொறுப்பான குமாஸ்தா அரண்மனையை ஒரு கரண்டி விடாமல் எழுதி வைத்திருந்தார். வாயாடி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"புலி, பாடம் செய்தது, ஒன்று. அரண்மனைத் தோட்டக் கூண்டில் முதுமையால் இறந்தது. பற்கள், சொந்தம் நான்கு, மரம் எட்டு. கண், கண்ணாடி, ஜோடி ஒன்று."

காப்பாட்சியர் குனிந்து அந்த வரியில் விரல் வைத்தார்.

"ஜோடி ஒன்று," என்றாள் வாயாடி இன்னொரு தரம். "இன்னொண்ணு புலி முகத்துலயே இருக்கு சார். நாளைக்கு நிபுணரைக் கூப்பிட்டு அதைப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டும் அண்ணன் தம்பி."

காப்பாட்சியர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப பலகை?"

"அந்தக் காலத்துக் காப்பாட்சியர் யார்கிட்டக் கேட்டிருப்பார்?" என்றார் உம்மணா. "அரண்மனையைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஆள் இங்க யாரு?"

"கைடு," என்றார் காப்பாட்சியர். குரலில் காற்று இறங்கியிருந்தது. கைடு வாயிலிருந்து பலகை, பலகையிலிருந்து பட்டியல், பட்டியலிலிருந்து புத்தகம். சமீபத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் கதைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாகக் கைடு கூட்டத்திடம் சொல்ல ஆரம்பித்திருந்தார் என்பதும் அப்போதுதான் காப்பாட்சியர் நினைவுக்கு வந்தது.

"சரி, விடுங்க," என்றாள் வாயாடி. "கண்ணாடிக் குண்டு காணாமப் போனதுக்கு யாரும் போலீசுக்குப் போக மாட்டாங்க. புகாரைக் கிழிங்க, அக்காவை வீட்டுக்கு அனுப்புங்க."

காப்பாட்சியர் நிமிர்ந்தார். நாவல் படித்த மூளை திடீரென்று வேலை செய்தது. "இருங்க. கண்ணாடின்னு நமக்கு இப்பத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியுமா? கல்லுன்னு நெனச்சுத்தானே பட்டுத் துணியால துடைச்சாங்க? கல்லுன்னு நெனச்சு எடுத்தாலும் திருட்டு திருட்டுதான். புகார்ல புஷ்பராகம்ங்கறதை அடிச்சுட்டுக் கண்ணாடின்னு எழுதணும், அவ்வளவுதான்."

வாயாடி வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் சித்தப்பா அதை ஆச்சரியத்தோடு பார்த்திருக்க வேண்டும். அவரிடம் அன்று ஆச்சரியம் கைவசம் இல்லை. மணி மூன்றே முக்கால்.

*

"இப்ப என்ன சித்தப்பா? கண்ணாடின்னு நிரூபிச்சும் அக்கா பெஞ்சுலதான் இருக்காங்க."

இரண்டு பேரும் வெளிவாசலுக்கு வந்திருந்தார்கள். அங்கே ஒரு சாய்வு மேசை, அதில் பார்வையாளர் கருத்துப் புத்தகம், நூலில் கட்டிய பேனா. போகிற போக்கில் ஜனங்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். அருங்காட்சியகத்தில் ஒருவரும் படிக்காத ஒரே புத்தகம் அது.

"ஞாயித்துக்கெழமையை எடு," என்றார் உம்மணா.

வாயாடி பக்கம் புரட்டினாள். "காலைக் கூட்டம். 'கட்டில் அருமை.' 'கட்டில் அருமை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை.' ரெண்டு மணி. 'புலியின் கண் என்னையே பார்த்தது. வீட்டுக்காரர்கூட அப்படிப் பார்த்ததில்லை.' இந்த அம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு. மூணு மணி. 'இடது கண்ணின் ஒளியைக் கண்டு மெய்மறந்தோம், குடும்பத்துடன்.' நாலு மணி..."

நிறுத்தினாள்.

"படி."

"'சீட்டு வாங்கியும் புலியைக் காட்டவில்லை. வேட்டை அறையில் விளக்கு எரியவில்லை என்று கைடு வெளியிலிருந்தே கூட்டிப் போய்விட்டார். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்ததை நான் பார்த்தேன். இப்படிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர்.'"

வாயாடி பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். மூன்று மணிக்குக் கண் இருந்திருக்கிறது. நான்கு மணிக்கு அதைக் காட்ட முடியவில்லை. அக்கா பன்னிரண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ராஜாவின் தும்மலைக்கூட ஒரு நாள் விடாத மனிதர், தன் ஆகச் சிறந்த கதையை முப்பது வருஷத்தில் முதல் தடவையாக விழுங்கியிருக்கிறார்.

"ஆனா அவருக்குத்தான் கண்ணாடின்னு தெரியுமே சித்தப்பா? கதையே அவர் கட்டினதாச்சே. தெரிஞ்சே எந்தக் கிறுக்கன் கண்ணாடியைத் திருடுவான்?"

"நாளைக்கு யார் வர்றா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஐயோ பாவம்," என்றாள். அதில் நக்கல் எதுவும் இல்லாததால் அவளுக்கே அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை.

*

ராணியின் குளியலறையில், தண்ணீர் இல்லாத பளிங்குத் தொட்டியின் விளிம்பில், கைடு உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். நாலு மணிக் கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

"இந்தத் தொட்டியில ராணி இறங்கினா, கீழ ஆத்துல தண்ணி..."

"ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வேட்டை அறையில விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுதாம்ண்ணே," என்றாள் வாயாடி. "ஒரு தபால்காரர் எழுதி வெச்சிருக்கார்."

கைடு மறுபடி உட்கார்ந்தார். மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்துப் பிரித்தார். மஞ்சள் கண் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பார்த்தது.

"சுலபமா வந்துருச்சு," என்றார். "ஒட்டியிருந்த களிமண் காஞ்சு போச்சு. நெகத்தால நெம்பினேன், உள்ளங்கையில உக்காந்துருச்சு."

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல கட்டின கதையா?" என்றார் உம்மணா.

"ரெண்டாம் நாள். முதல் நாள் உள்ளதைச் சொன்னேன். வயசாகிச் செத்த புலின்னு. ஒருத்தரும் நிக்கல. நடந்துக்கிட்டே பாத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டாம் நாள் சும்மா வாயில வந்துச்சு, ராஜா சுட்டார், குண்டு கண்ணுல பட்டுச்சுன்னு. அத்தனை பேரும் நின்னாங்க சார். அப்புறம் எப்படி விடறது? நாளைக்கு அந்த நிபுணர் லென்ஸை வெச்சுப் பாத்துட்டு, கண்ணாடின்னு ரெண்டு வரி எழுதிட்டு, அடுத்ததை எடுன்னுவார். காணாமப் போயிட்டா கல்லு எப்பவும் கல்லுதான்."

"பழி யார் மேல விழும்னு யோசிக்கவே இல்லையா?"

"அவ்ளோ பெரிய கல்லு போனா பெரிய திருடனைத்தானே தேடுவாங்கன்னு நெனச்சேன். வெளிநாட்டுக் கும்பல், கப்பல், அந்த மாதிரி."

"கப்பல்காரனைத் தேடணும்னா துறைமுகத்துக்குப் போகணும்ண்ணே," என்றாள் வாயாடி. "அக்கா வாளியோட பக்கத்துலயே இருந்தாங்க."

கைடு கண்ணைக் கைக்குட்டையில் மறுபடி மடித்தார். ஒரு மூலையை மடித்தால் இன்னொரு மூலை விரிந்தது.

"நேத்தே சொல்லணும்னு வந்தேன். அந்தப் பெஞ்சு வரைக்கும் வந்தேன். அந்த அம்மா 'வாங்கண்ணே, உக்காருங்க'ன்னு நகந்து இடம் குடுத்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

*

காப்பாட்சியர் கண்ணைத் தொடவில்லை. மேசையில் கைடு விரித்த கைக்குட்டையைப் பார்த்தார். தன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். அட்டையில் புலி இருந்தது, இரண்டு கண்களோடு.

"நாலு சுவத்துக்குள்ள முடிச்சுக்கலாம்," என்றார் கடைசியில். "புகாரைக் கிழிச்சுடறேன். கண்ணைப் பசை போட்டு ஒட்டிடலாம். நிபுணர்கிட்டப் புலி பட்டியல்லயே இல்லன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். எல்லாருக்கும் நல்லது."

புகாரை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வாசலில் நின்றிருந்த துப்புரவு அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு நாளா அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன் சார். டிக்கெட் குடுக்கற தம்பி வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் என்னைக் கையைக் காட்டிச் சொன்னாரு, இவங்கதான்னு. எங்க தெருவுல தெரியும். பொண்ணு வேலைக்குப் போற இடத்துலயும் தெரிஞ்சிருக்கும். திருடினேங்கறது ஊருக்கே தெரியணும், திருடலைங்கறது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாதா?"

காப்பாட்சியர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

அந்த அம்மா கைடு பக்கம் திரும்பினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

"கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஈரத் துணியால துடைச்சிருப்பேன்ல, பதினோரு வருஷமா. ஒவ்வொரு நாளும் கை நடுங்கும் எனக்கு."

கைடு மேசையிலிருந்த கைக்குட்டையைக் கண்ணோடு மடித்து எடுத்தார்.

"நாலு மணிக் கூட்டம் நிக்குது," என்றார் துப்புரவு அம்மா. "அங்க சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரி, சத்தமா."

*

இருபது பேர் இருக்கும். கயிற்றைச் சுற்றி அரை வட்டமாக நின்றார்கள். பின்னால் காப்பாட்சியர். கதவோரத்தில் துப்புரவு அம்மாவும் வாளியும். உம்மணாவும் வாயாடியும் கொம்புகளுக்குக் கீழே சுவரில் சாய்ந்திருந்தார்கள். வாயாடி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கைடு பிரம்பை மேடையில் சாத்தி வைத்தார். கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணை உள்ளங்கையில் தூக்கிக் காட்டினார்.

"இது கண்ணாடி. இந்தப் புலியை ராஜா சுடல. வயசாகிக் கூண்டுல செத்துச்சு. பல்லுகூட எட்டு மரம். கண்ணு களவு போகல. கல்லுன்னு சொன்னது நான் கட்டின கதை."

கூட்டம் கையையும் பார்த்தது, புலியையும் பார்த்தது. யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு மனிதர் மனைவியின் காதருகே குனிந்தார். அந்த அறையில் ரகசியம் பேச முடியாது, கூரை உயரம்.

"போன கல்லை மூடி மறைக்கறாங்க. கண்ணாடின்னு சொல்லிட்டா எவன் கேக்கப் போறான்?"

"உள்ள வேலை செய்யறவங்கதான் எடுத்திருப்பாங்க," என்றாள் மனைவி. "பெருக்கறது, துடைக்கறது, இந்த ஆளுங்கதான்." சொல்லிக்கொண்டே கதவோரம் திரும்பிப் பார்த்தாள். தோளில் தொங்கிய கைப்பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

துப்புரவு அம்மா அசையவில்லை. வாயாடி சுவரை விட்டு நிமிர்ந்தாள். உம்மணா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

கைடு அந்தக் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றார். குரல் தாழவில்லை, இழுக்கவில்லை, நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. "உள்ள வேலை செய்யறவங்கதான் எடுத்தது. நான்தான் எடுத்தேன். ஞாயித்துக்கெழமை, மூணு மணிக் கூட்டம் போன பிறகு, இந்தக் கையால. அந்த அம்மா அப்ப வீட்டுல இருந்தாங்க. ரெண்டு நாளா அவங்க மேல பழி. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இப்போது அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். முன்வரிசைப் பெண் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்; பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புலியைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து யாரோ, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டார்கள்: "எதுக்குங்க எடுத்தீங்க?"

கைடு வாயைத் திறந்தார். இருபது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்தக் கூட்டத்துக்கும் அவர் பதில் தேடினதில்லை. உள்ளங்கையில் கண் லேசாக உருண்டது; விரல்களை மடக்கிப் பிடித்தார்.

"கேக்கறாங்கல்ல," என்றார் துப்புரவு அம்மா, கதவோரத்திலிருந்து. வாளியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."